உங்கள் பெயருக்கு வந்த குறுஞ்செய்தி

அக்கா,

இன்று காலை கடைக்குக் கிளம்பும் நேரத்தில் என் பட்டன் போனில் ஒரு குறுஞ்செய்தி வந்தது. ரீசார்ஜ் செய்யச் சொல்லி வருகிற செய்தியாக இருக்கும் என்று நினைத்துத்தான் திறந்தேன். முதல் வரியில் உங்கள் பெயர் இருந்தது. ஆங்கிலப் பெரிய எழுத்தில், இனிஷியலோடு. அதன் கீழே, நீங்கள் விண்ணப்பித்திருக்கும் தேர்வை எழுதப்போகிறீர்களா என்பதை உங்கள் கணக்கில் நுழைந்து உறுதி செய்ய வேண்டும், செய்யாதவர்களுக்கு ஹால் டிக்கெட் கிடையாது என்று எழுதி, கடைசித் தேதியும் போட்டிருந்தார்கள்.

நீங்கள் போய் நான்கு மாதம் ஆகிறது. அந்தக் கம்ப்யூட்டருக்கு அது தெரியாது.

அம்மா அடுப்படியிலிருந்து, “ஆருக்க மெசேஜ்?” என்று கேட்டாள். “அக்காவுக்கு” என்றேன். அம்மா வெளியே வந்து என் முகத்தைப் பார்த்தாள். 

போன வருட ஓணத்திலிருந்து நாம் இந்த ஒரு செய்திக்காகத்தான் காத்திருந்தோம். அது வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று மனத்துக்குள் எத்தனையோ முறை நடந்து பார்த்திருக்கிறேன். கம்ப்யூட்டர் சென்டருக்கு எந்தச் சந்து வழியாகப் போவது, உள்ளே நுழைந்ததும் யாரிடம் சொல்வது, எவ்வளவு சத்தமாகச் சொல்வது என்பது வரை. ஏன் அப்படிப் பழகிப் பார்த்தேன் என்பதை உங்களிடம் ஒருநாளும் சொல்லவில்லை. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

சாலை பஜாரில் நம் ஜவுளிக்கடையில் நான் சேர்ந்தபோது எனக்குப் பதினாறு வயது. வாடிக்கையாளரிடம் பேசுகிற வேலை மட்டும் கொடுக்க வேண்டாம் என்று அம்மா முதலாளியிடம் கேட்டுக்கொண்டாள். அதனால் என்னை மடிக்கிற வேலையில் போட்டார்கள். நீங்கள் பருத்திச் சேலைப் பிரிவில் பதினோரு வருடமாக நின்றுகொண்டிருந்தீர்கள். கல்யாணம் முடிந்து வள்ளியூர்ப் பக்கத்திலிருந்து கேரளத்தில் இந்த ஊருக்கு வந்தவர். நீங்கள் சேலையை விரிப்பீர்கள், நான் மடிப்பேன். ஐம்பது சேலையை விரிக்கச் சொல்லிவிட்டு, “பின்னெ வராம்” என்று இறங்கிப் போகிறவர்களைப் பார்த்து நீங்கள் சிரித்துக்கொண்டே கைகூப்புவீர்கள். அவர்கள் படி இறங்கியதும், “பிள்ளே, இவ வீட்டுல சேலை விரிக்க இடமில்லை போல, இங்க வந்து விரிச்சுப் பாத்துட்டுப் போறா” என்பீர்கள். எனக்குச் சிரிப்பு வரும். வாயை மூடிக்கொண்டு சிரிப்பேன்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம். மற்றவர்கள் கீழே தண்ணீர்க் குழாய் பக்கம் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். நீங்கள் டிபன் டப்பாவோடு மாடிக் குடோனுக்கு ஏறிவிடுவீர்கள். ஒருநாள் கட்டு எடுக்க நான் மேலே வந்தபோது, காலை நீட்டி உட்கார்ந்து மடியில் ஒரு தடித்த புத்தகத்தை வைத்திருந்தீர்கள். ரேங்க் ஃபைல். சர்க்கார் தேர்வுக்குப் படிக்கிறவர்கள் எல்லோர் கையிலும் இருக்கிற கேள்வி பதில் புத்தகம்.

“பிள்ளே, ஒனக்கு மலையாளம் வாசிக்கத் தெரியுமா?”

தலையாட்டினேன்.

“தலையை ஆட்டுனா சத்தம் வருமா? இங்க வா, இந்தக் கேள்வியை வாசி.”

உங்களுக்கு மலையாளம் பேச வரும், எழுத்து தெரியாது. கிளார்க் தேர்வைத் தமிழில் எழுதலாம், விண்ணப்பத்திலேயே கேட்டால் தமிழ் வினாத்தாள் தருவார்கள், ஆனால் அதற்குப் படிக்கத் தமிழில் புத்தகம் எங்கே தேடியும் கிடைக்கவில்லை என்று அன்றைக்குத்தான் சொன்னீர்கள். நான் மலையாளத்தில் வாசித்தால் நீங்கள் கேட்டுத் தமிழில் எழுதிக்கொள்வீர்களாம். அவ்வளவுதான் உங்களுக்கு வேண்டும்.

நீங்கள் கேட்டது எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்களுக்கு அப்போது தெரியாது. நான் நாலாம் வகுப்பு வரை கோட்டைப் பக்கம் தமிழில் படித்தவள். ஐந்தாம் வகுப்பில் மலையாளப் பள்ளிக்கு மாற்றினார்கள். எழுத்து சீக்கிரம் வந்துவிட்டது, ராகம் வரவில்லை. ஒன்பதாம் வகுப்பில் பாடத்தை எழுந்து வாசிக்கச் சொன்னபோது, பின் பெஞ்சிலிருந்து ஒருவன் என் ஒவ்வொரு வரியையும் என் இழுவையிலேயே திருப்பிச் சொன்னான். வகுப்பு முழுக்கச் சிரித்தது. டீச்சரும் உதட்டைக் கடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தமிழர்களைக் கேலி செய்கிற அந்தப் ‘பாண்டி’யைச் சேர்த்து, அன்றிலிருந்து எனக்கு ‘பாண்டி ரேடியோ’ என்று பெயர். அந்த வருடமே அம்மா முதுகுவலியில் படுத்துவிட்டாள். வீட்டைப் பார்க்க ஆள் வேண்டும் என்று பள்ளியை விட்டேன். கேட்டவர்களுக்கு எல்லாம் அம்மாவின் முதுகைத்தான் காரணமாகச் சொன்னேன். பாதி அது உண்மைதான்.

குடோனில் அன்றைக்கு நான் வாசித்த முதல் கேள்வி, கேரளத்தில் கிழக்கே ஓடுகிற ஆறுகள் எத்தனை என்பது. உதடு மட்டும் அசைந்தது.

“ஆத்தைப் பத்தித்தானே கேக்கான்? நீ கெணத்துக்குள்ள கிடக்கவ மாதிரி வாசிக்க. கொஞ்சம் மேல ஏறி வா.”

கொஞ்சம் மேலே ஏறி வந்தேன். மூன்று. கபனி, பவானி, பாம்பாறு. மொத்தம் நாற்பத்து நான்கில் நாற்பத்தொன்று மேற்கே ஓடிக் கடலில் விழ, இந்த மூன்று மட்டும் மலையின் அந்தப் பக்கம் திரும்புகின்றன. நீங்கள் பேனாவை நிறுத்தி, “வீட்டு நெனப்பு வந்துட்டு போல” என்றீர்கள்.

நான் வாசித்து முடித்ததும் பயந்துகொண்டே கேட்டேன், என் மலையாளம் சரியாக இருக்கிறதா என்று. “ஒன் மலையாளம்தான் பிள்ளே எனக்குப் புரியுது. டி.வி.ல நியூஸ் வாசிக்கவன் மலையாளம் ஸ்டாப்புல நிக்காத பஸ்ஸு மாதிரில்லா போகுது.” அதைச் சொல்லிவிட்டு நீங்கள் மோர்ச்சாதத்தை வழித்துச் சாப்பிட ஆரம்பித்துவிட்டீர்கள். அன்று சாயங்காலம் வீட்டுக்கு நடந்து போகிற வழியெல்லாம் அந்த வார்த்தையை எனக்குள் சொல்லிக்கொண்டே போனேன்.

அப்படித்தான் தினமும் பத்து நிமிடம் சாப்பாடு, இருபது நிமிடம் படிப்பு என்று ஆனது. பொது அறிவுக்கு நான் வாசிக்க நீங்கள் எழுதுவீர்கள். ஆங்கில இலக்கணம் வந்தால் நேர் தலைகீழ். பிளஸ் டூ வரை படித்தவர் நீங்கள். விதியைச் சத்தமாகச் சொல்லிப் பார்ப்பீர்கள், நான் புத்தகத்தின் பின்பக்கத்து விடையைப் பார்த்துச் சரியா தப்பா என்று சொல்வேன். ஆக்டிவ் வாய்ஸ், பாசிவ் வாய்ஸ் எல்லாம் மடிக்கிற மேஜையில் நடக்கும். “ஐ ஃபோல்ட் த சாரி. த சாரி இஸ் ஃபோல்டட் பை மீ. பாத்தியா பிள்ளே, வேலை செய்யது நாம, சேலை முன்னால போய் நின்னுக்கிடுது.” சூப்பர்வைசர் சேச்சி கீழேயிருந்து கூப்பிடுவார்: “கலெக்டரம்மே, தாழெ கஸ்டமர் நில்க்குந்நு!” நீங்கள் எழுந்து சேலையை உதறிக்கொண்டு, “வருந்நு சேச்சி, ஒரு ஜில்லா கூடி பாக்கியுண்டு!” என்று பதில் கொடுப்பீர்கள்.

விடைத்தாளில் வட்டத்தைக் கறுப்பாக்கிப் பழகுவதற்கு, சேலை மடிப்புக்குள் வைத்து வருகிற வெள்ளை அட்டையை எடுத்துக்கொள்வீர்கள். வளையல் துண்டை வைத்து நான்கு நான்காக வட்டம் போடுவது என் வேலை. ஒரு அட்டையில் இருபத்தைந்து கேள்வி. நீல பால்பாயின்ட் பேனாவில் வெளியே சிதறாமல் நிரப்புவீர்கள். மூன்று தப்பு ஒரு சரியைக் கொண்டுபோய்விடும் என்பதால், சந்தேகமுள்ள கேள்வியை வெறுமனே விட்டுவிட்டு ஓரத்தில் ஒரு புள்ளி வைப்பீர்கள். “தெரியலைன்னா தொடாதே. தெரிஞ்சா விடாதே.” எனக்குச் சொல்கிற மாதிரி உங்களுக்கே சொல்லிக்கொள்வீர்கள்.

ஏன் அந்த வேலைதான் வேண்டும் என்று ஒருநாள் கேட்டேன். நீங்கள் சேலையைக் கொஞ்சம் உயர்த்தி முழங்காலுக்குக் கீழே காட்டினீர்கள். நரம்பு பச்சையாகப் புடைத்துச் சுருண்டு கிடந்தது.

“உக்காந்து வேலை செய்யணும் பிள்ளே. ஒரு நாற்காலி. அது என் நாற்காலின்னு எல்லாருக்கும் தெரியணும். நான் லீவு போட்டாலும் அது காலியாக் கிடக்கணும், வேற ஒருத்தி வந்து உக்காரப்புடாது.”

முன்பே இரண்டு தடவை எழுதி, இரண்டு தடவையும் பட்டியலுக்கு வெளியே நின்றவர் நீங்கள். வயது வரம்பு அந்த வருடத்தோடு முடிகிறது. கிளார்க் தேர்வுதான் பெரியது, கடைசி. அதோடு அலுவலக உதவியாளர் வேலைக்கும் ஒரு விண்ணப்பம் போட்டு வைத்தீர்கள். வீட்டில் உங்கள் கணவர் அண்ணாச்சிக்குச் சொல்லவில்லை. “ரெண்டு தடவை தோத்தாச்சு. இனிமே ஹால் டிக்கெட்டக் கையில வச்சுக்கிட்டுத்தான் சொல்லணும்.” வீட்டிலிருந்த ஒரே போன் அண்ணாச்சியோடு கட்டட வேலைக்குப் போய்விடும். அதனால் தேர்வுக் கணக்கில் என் எண்ணைக் கொடுத்தீர்கள். யூஸர் ஐடியையும் பாஸ்வேர்டையும் ஒரு சேலை அட்டையில் எழுதி என்னிடம் தந்தீர்கள்.

“மெசேஜ் வந்தா நீயே போய்க் கன்ஃபர்மேஷன் குடுத்துரு. ஓணச் சீசன்ல என்னைய விடமாட்டாங்க. நீ டீ குடிக்கப் போற நேரத்துல போயிட்டு வந்துரலாம்.”

கிளார்க் தேர்வுக்கான செய்தி போன வருட ஓணத்துக்கு முன்பு வந்தது. வந்த அன்றே, டீ நேரத்தில், அட்டையை மடித்து எடுத்துக்கொண்டு அந்தக் கம்ப்யூட்டர் சென்டருக்குப் போனேன். கண்ணாடிக் கதவுக்கு உள்ளே யூனிஃபார்மில் நான்கு பேர் நின்றார்கள். என் பழைய வகுப்பு. ஏதோ பிரின்ட் எடுக்க வந்திருந்தார்கள். பின் பெஞ்சுக்காரனும் இருந்தான். நான் பக்கத்து ஜெராக்ஸ் கடை ஓரத்தில் நின்றேன். அவர்கள் போகவில்லை. டீ நேரம் முடிந்தது.

இரண்டாம் முறை அவர்கள் இல்லை, ஆனால் கூட்டம். கவுன்டரில் இருக்கிற சேச்சி ஒவ்வொருவரிடமும், “ஐடி பற, உறக்கெ பற” என்று கேட்க, அவரவர் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். என் முறை வரும் முன்பே வரிசையிலிருந்து விலகி வந்துவிட்டேன். நாளைக்குக் கூட்டம் குறையும் என்று சொல்லிக்கொண்டேன். ஓணச் சீசனில் சாலையில் கூட்டம் எப்போது குறையும்? கடைசி நாளும் வந்தது. அன்று சூப்பர்வைசர் சேச்சி யாரையும் டீக்கு விடவில்லை. சாயங்காலம் கடையிலிருந்து ஓடினேன். சென்டரின் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. அந்தச் சேச்சி குனிந்து பூட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். நான் அவருக்கு இரண்டடி பின்னால் நின்றேன். ‘சேச்சி’ என்று ஒரு வார்த்தை. அதைச் சொல்லியிருந்தால் திரும்பியிருப்பார். அவர் சாவியைப் பையில் போட்டு, ஸ்கூட்டரை எடுத்து, என்னைத் தாண்டிப் போகிறவரை அந்த வார்த்தை வரவில்லை.

இரண்டு நாள் கழித்து, எதிர்க்கடையில் வேலை செய்கிற பெண் தன் தேர்வுக்கு மெசேஜ் வந்ததைச் சொல்லக் கேட்டு, நீங்கள் ஓடி வந்தீர்கள்.

“பிள்ளே, நமக்கு மெசேஜ் வரலையா?”

“வரலை அக்கா” என்றேன். அது மட்டும் சத்தமாக வந்தது.

 கையிலிருந்த சேலையை நீங்களே மடித்து, அடுக்கில் வைத்து, வேறொன்றை எடுத்து மடித்தீர்கள். என்னிடம் தரவில்லை.

அதற்கு அடுத்த வாரத்தில் ஒருநாள், மகளைப் பள்ளியிலிருந்து கூட்டிவரச் சொல்ல என் போனை வாங்கி அண்ணாச்சிக்குப் பேசினீர்கள். பிறகு ஒரு வாரம் நீங்கள் மாடிக்கு வரவே இல்லை. கீழே மற்றவர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டீர்கள். உடம்பு சரியில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். அப்படி நினைப்பது எனக்கு வசதியாக இருந்தது.

பிறகு ஒரு திங்கட்கிழமை ரேங்க் ஃபைலோடு ஏறி வந்தீர்கள். எல்லோரும் கேட்கிற மாதிரி படியிலேயே நின்று சொன்னீர்கள்: “ஒரு டவரால என் ஜோலி போச்சு! சிக்னல் கிடைக்காத சந்துல இந்தப் பிள்ளை குடியிருக்கு, மெசேஜ் எங்கருந்து வரும்? மெசேஜு வலியசாலைக்கு வாற வழியில தம்பானூர் வெள்ளத்துல முங்கிட்டு!” கடையே சிரித்தது. அதன்பின் யார் அந்தத் தேர்வைப் பற்றிக் கேட்டாலும் டவர்க் கதைதான். ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் ஒரு விவரம் கூடும். ஒருமுறை டவரின் மேல் காக்கை கூடு கட்டியது. ஒருமுறை கடல்காற்று செய்தியைத் தூக்கிக்கொண்டுபோய்ச் சங்குமுகத்தில் போட்டது. எல்லோரும் சிரிக்கும்போது நான் குனிந்து மடித்துக்கொண்டிருப்பேன். உங்கள் மனம் இவ்வளவு வெள்ளையா, இவ்வளவு லேசாக நம்பிவிட்டீர்களே என்று அந்தச் சிரிப்பு என்னைக் குத்தும்.

“இன்னும் ஒண்ணு இருக்குல்லா, அந்த உதவியாளர் வேலை. அது வர ஒரு வருஷம் ஆகும். வாசி” என்றீர்கள். வாசித்தேன். முன்பைவிடச் சத்தமாக வாசித்தேன். இந்த முறை செய்தி வரும், அன்றே போவேன், கொடுத்த பிறகு எல்லாவற்றையும் சொல்லி உங்கள் காலில் விழுவேன் என்று நாள் குறித்துக்கொண்டேன். தெரிந்த விடையை வட்டத்தில் போடாமல் ஓரத்தில் புள்ளி வைத்துவிட்டுக் காத்திருந்தேன்.

மழைக்காலத்தில் கிழக்கேகோட்டையில் முழங்கால் வரை தண்ணீர் தேங்கிய அன்று, பஸ் வராது என்று நீங்கள் கரமனை வரை அந்தத் தண்ணீரில் நடந்தே போனீர்கள். கால் நரம்பில் ஏற்கெனவே ஒரு புண் இருந்தது. மூன்று நாள் காய்ச்சல் மாத்திரை போட்டுக்கொண்டு கடைக்கு வந்து நின்றீர்கள். நான்காம் நாள் கண் மஞ்சளாக இருந்தது. “வீட்டுக்குப் போங்க அக்கா” என்றேன். “இன்னைக்கு ப்ரிபொசிஷன் முடிச்சிருவோம். நாளைக்கு லீவு” என்றீர்கள். பத்துக் கேள்வி செய்தோம். இரண்டில் புள்ளி வைத்தீர்கள். எலிக்காய்ச்சல் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அங்கே சேர்த்த ஐந்தாம் நாள் சூப்பர்வைசர் சேச்சி மாடிக்கு வந்து, என் கையிலிருந்த சேலையை வாங்கி வைத்தார். அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு அண்ணாச்சி கடைக்கு வந்தார், உங்கள் குடையையும் டிபன் டப்பாவையும் எடுத்துப்போக. அவரை நான் நேரில் பார்த்தது அதுதான் முதல்முறை. மாடிப்படியில் நின்றார். விரல் நகங்களில் சிமென்ட் காய்ந்திருந்தது.

“நீதானே அவகூட வாசிக்கிற பிள்ளை?”

“ஆமா அண்ணாச்சி.” அடுத்ததை மூச்சு விடாமல் சொன்னேன். “மெசேஜ் வந்துச்சு அண்ணாச்சி. போன வருஷம். டவர் இல்ல. நான்தான் போகல. பயந்துட்டு போகல.”

அவர் குடையின் பட்டனை அழுத்தினார், மறுபடி மடக்கினார்.

“தெரியும்” என்றார். “அவளுக்கும் தெரியும்.”

எனக்குப் புரியவில்லை.

“ஒன் போனுல இருந்து ஒருநா எனக்கு அடிச்சால்லா, மகளக் கூட்டிட்டு வரச் சொல்லி? அப்பமே அந்த மெசேஜைப் பாத்துட்டா. வீட்டுக்கு வந்து ஒரே அழுகை. எனக்கே அன்னைக்குத்தான் பரீட்சை விஷயமே தெரியும். அந்தப் பிள்ளையப் பிடிச்சு நாலு கேள்வி கேக்க வேண்டியதுதானேன்னு கோவத்துல சொன்னேன். வேண்டாம், அது ஏற்கெனவே பாதி வாயத்தான் தெறக்கு, கேட்டா அதையும் மூடிரும்னுட்டா.” குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். “டவர்க் கதைய அவதான் கட்டினா. கடையில வேற ஆரும் ஒன்னையக் கேக்கப்புடாதுன்னு. என்கிட்ட வந்து சொல்லிச் சொல்லிப் பாப்பா, எது நல்லா இருக்குன்னு. அந்தக் காக்கா கூடு நான் சொன்னது.”

அவர் போன பிறகு உங்கள் இடத்தில், கட்டுகளுக்கு நடுவில், உட்கார்ந்தேன். அக்கா, உண்மையைச் சொல்கிறேன், முதலில் எனக்கு உங்கள் மேல் கோபம்தான் வந்தது. ஒரு முழு வருடம் நாம் எதிரெதிரே உட்கார்ந்து, ஒரே விஷயத்தை ஒருவருக்கொருவர் மறைத்துக்கொண்டு, கேரளத்தின் ஆறுகளை எண்ணிக்கொண்டிருந்திருக்கிறோம். நீங்கள் என்னைத் திட்டியிருக்கலாம். ஒரு அறை கொடுத்திருக்கலாம். நான் அழுதிருப்பேன், அழுது முடித்துச் சொல்லியிருப்பேன். தெரிஞ்சா விடாதே என்று சொன்ன நீங்களே தெரிந்ததை விட்டுவிட்டீர்கள். பிறகு அந்த ஒரு வாரம் நினைவுக்கு வந்தது. நீங்கள் மாடிக்கு வராத வாரம். உங்களுக்கும் என் மேல் கோபம் இருந்திருக்கிறது. அதைக் கீழேயே சாப்பிட்டு முடித்துவிட்டு, புத்தகத்தோடு ஏறி வந்திருக்கிறீர்கள். அதன் பிறகு எனக்குக் கோபம் வரவில்லை. இன்றுவரை வேறு என்னவோ ஒன்று அந்த இடத்தில் இருக்கிறது, அதற்குப் பெயர் தெரியவில்லை.

இன்று டீ நேரத்துக்குக் காத்திருக்கவில்லை. சூப்பர்வைசர் சேச்சியிடம் போய், “அரை மணிக்கூர் வேணும் சேச்சி” என்றேன். நான் வாயைத் திறந்து கேட்டதிலேயே அவர் திகைத்து, “போயிட்டு வா” என்றார்.

சென்டரில் இன்றும் கூட்டம்தான். அதே சேச்சி. என் முறை வந்தது. பழகிப் பார்த்த வாக்கியத்தைச் சொன்னேன்: “கன்ஃபர்மேஷன் கொடுக்கணும்!”

அறையில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். சேச்சி காதைத் தேய்த்துக்கொண்டு, “பதுக்கெ பற மோளே, எனிக்கு செவி கேக்கும்” என்றார். இரண்டு பையன்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று நின்றேன். சேலை அட்டையைப் பார்த்து ஐடியைச் சொன்னேன். திரையில் உங்கள் போட்டோ வந்தது. பச்சைச் சேலை, பயந்த கண். இந்தப் போட்டோவுக்காகக் கடையிலேயே முடி வாரிக்கொண்டு போனீர்கள்.

“ஆளு எவிடெ?”

“மரிச்சுபோயி.”

அவர் விரல் நின்றது. “பின்னெ எந்தினா மோளே இது? கொடுத்தில்லெங்கில் அது தன்னெ போய்க்கொள்ளும்.” கொடுக்காவிட்டால் விண்ணப்பம் தானாகவே ரத்தாகிவிடுமாம்.

“வேணும் சேச்சி. போன தடவை நான்தான் கொடுக்காம விட்டேன்.”

 பின்னால் நின்றவர் நேரமாகிறது என்றார். சேச்சி அவரைப் பார்க்காமல், “ஓ.டி.பி. வந்நோ?” என்று கேட்டார். என் போன் கையில் அதிர்ந்தது. ஆறு இலக்கங்களையும் ஒவ்வொன்றாகச் சொன்னேன். வினாத்தாள் மொழி என்ற இடத்தில் தமிழ் என்றிருந்தது. அவர் அழுத்தினார். அவ்வளவுதான். முழுதாக நான்கு நிமிடம்கூட ஆகவில்லை, அக்கா.

தேர்வன்று ஏதோ ஒரு பள்ளிக்கூடத்தில், ஏதோ ஒரு பெஞ்சில், உங்கள் எண்ணை எழுதி வைத்திருப்பார்கள். கட்டில் ஒரு தமிழ் வினாத்தாள் உங்களுக்கென்று வந்திருக்கும். அந்த இடம் காலியாகக் கிடக்கும். வேறு யாரும் அதில் உட்கார முடியாது.

நான் நகரப் போனபோது சேச்சி கேட்டார், “நினக்கு எத்ர வயசாயி?”

“போன மாசம் பதினெட்டு.”

“ஏழாம் கிளாஸ் ஜயிச்சதல்லே? அது மதி. நினக்கும் எழுதாம். ரெஜிஸ்டர் செய்யட்டே?” ஏழாம் வகுப்பே போதுமாம், அடுத்த தடவை நானும் எழுதலாமாம்.

தலையாட்டினேன். பிறகு, தலையாட்டினால் சத்தம் வராது என்பது நினைவுக்கு வந்து, “செய்யுங்க சேச்சி” என்றேன். பெயர் சொன்னேன், பிறந்த தேதி சொன்னேன். போன் எண்ணைச் சொன்னபோது அவர் தலையை அசைத்தார். அந்த எண் இன்னொருவர் பெயரில் இருக்கிறதாம். ஒரு எண்ணுக்கு ஒரு ஆள்தானாம். “ஆளு இல்லல்லோ. பழையது மாற்றியிட்டு நின்றெ பேரிலாக்கட்டே?” என்று, உங்கள் பெயரை எடுத்துவிட்டு என் பெயரில் போடவா எனக் கேட்டார்.

“வேண்டாம்” என்றேன்.

வெளியே வந்து, அன்று நான் ஒளிந்து நின்ற ஜெராக்ஸ் கடையிலேயே ஒரு புது சிம் வாங்கினேன். என் போனில் இரண்டு சிம் போட இடம் உண்டு என்பது இத்தனை நாள் எனக்குத் தோன்றவே இல்லை. பின்மூடியைக் கழற்றி, இரண்டாவது இடத்தில் என்னுடையதைப் போட்டேன். முதலாவது உங்களுடையது. அது அங்கேயே இருக்கும்.

ஹால் டிக்கெட் வந்ததும் உங்கள் எண்ணுக்குத்தான் செய்தி வரும். வரும்போது குடோனுக்கு ஏறி வந்து வாசிக்கிறேன். கீழே இருப்பவர்களுக்கும் கேட்கும்.